வாக்களிக்கும் அம்மாவுக்கு மகள் உதவலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் தம்பி வீட்டில் இருக்கும் என் அம்மா அண்மையில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வாக்குச்சீட்டு தமிழில் கிடைக்குமா? டாலஸில் வாக்காளராகப் பதிந்துள்ள நான் உடன் சென்று உதவலாமா?

பதில்: தாராளமாக உதவலாம். பார்வையிழப்போ உடற்குறையோ எழுதப் படிக்க இயலாமையோ உள்ள வாக்காளர், தாம் விரும்பும் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறது, வாக்குரிமைச் சட்டத்தில் 1982இல் சேர்க்கப்பட்ட 208ஆவது பிரிவு. வாக்காளரின் முதலாளி, தொழிற்சங்க நிர்வாகி, அவர்களுடைய முகவர் ஆகியோருக்கு மட்டுமே தடை உண்டு.

நீங்கள் வேறு கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிந்திருப்பதும் தடையாகாது. 2014இல், ஆஸ்டினை அடுத்த வில்லியம்சன் கவுண்டியில், வங்காளம் பேசும் ஒரு தாய்க்கு மொழிபெயர்க்க வந்த மகனை, அவர் அந்தக் கவுண்டி வாக்காளர் அல்லர் என்று அதிகாரிகள் தடுத்துவிட்டனர். வாக்குச்சீட்டு சரிவரப் புரியாமலேயே அந்தத் தாய் வாக்களிக்க நேர்ந்தது. டெக்சஸின் அந்த விதி 208ஆவது பிரிவுக்கு முரணானது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழில் வாக்குச்சீட்டு கிடைக்காது. ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் ஆங்கிலத்துடன் ஸ்பானியம், வியட்நாமியம், சீனம் ஆகிய மொழிகளில் மட்டுமே தருகிறார்கள். அந்த மொழிகளுக்கேனும் இடம் கிடைத்ததில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹூஸ்டனின் கறுப்பினப் பிரதிநிதியாக இருந்த பார்பரா ஜோர்டனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1974இல் அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில், அரசியலமைப்பின் மீது தமக்குள்ள நம்பிக்கை முழுமையானது என்று முழங்கிய அவர், மறு ஆண்டே வாக்குரிமைச் சட்டத்தின் பாதுகாப்பை மொழிச் சிறுபான்மையினருக்கும் விரிவாக்கப் போராடினார். புதியவர்களைச் சேர்க்கப்போய்க் கறுப்பினத்தவருக்கு இருக்கும் பாதுகாப்பும் பறிபோய்விடுமோ என்ற அச்சம் சிவில் உரிமை இயக்கத்திலேயே சிலருக்கு இருந்தது. டெக்சஸ் மாநில அரசும் எதிர்த்தது. அப்படியிருந்தும் அவர் பின்வாங்கவில்லை என்பதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். 1965இல் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் சென்றபோது பாலத்தில் காவலர்களிடம் அடிபட்டுப் பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் முதலானோரின் முயற்சியால், பிற மொழிகளிலும் வாக்குச்சீட்டு தர வகைசெய்யும் மொழி உதவிப் பிரிவு 2006இல் 2032 வரை நீட்டிக்கப்பட்டது. 208ஆவது பிரிவுக்குக் காலவரம்பே இல்லை. சட்டத்தின் வேறொரு முக்கியப் பகுதியை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தபோதும் இவ்விரண்டும் நிலைத்தன.

கைப்பேசியில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். டெக்சஸ் வாக்குச்சாவடிகளில் கைப்பேசியைப் பயன்படுத்த அனுமதியில்லை. மாதிரி வாக்குச்சீட்டை முன்னதாகவே பார்த்து, அம்மா தேர்ந்தெடுக்கும் பெயர்களைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உதவியாளரான உங்களிடம் படிவமும் உறுதிமொழியும் கேட்பார்கள். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நீங்கள் மறைமுகமாகக்கூட உணர்த்தக் கூடாது. முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில் செல்வது நல்லது, ஏனெனில் யாரேனும் தடுத்தால், வாக்குச்சாவடியின் பொறுப்பு அலுவலரிடம் 208ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டுவதற்கும், அவரும் மறுத்தால் கவுண்டி தேர்தல் அலுவலகத்தை அணுகுவதற்கும் அப்போது அவகாசம் இருக்கும்.