முதலில் ராணுவ அதிகாரி, பிறகு ஆயுதக் கொள்முதல்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா,

அமெரிக்காவில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கல்லூரியில் படிக்கும்போதே ராணுவ அதிகாரியாகத் தயார்படுத்தும் ஆர்.ஓ.டி.சி. பயிற்சியில், விமானப்படைப் பிரிவில் இருக்கிறார். சில ஆண்டுகள் சீருடையில் பணியாற்றிவிட்டு, பாதுகாப்புத் துறையின் கொள்முதல் பிரிவில் சிவில் அதிகாரியாக வேண்டும் என்கிறார். "இவ்வளவு படித்துவிட்டு டெண்டர் பார்க்கிற வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெண்டர் அந்த வேலையில் ஒரு சிறு பகுதிதான். ஒரு விமானமோ செயற்கைக்கோளோ வேண்டும் என்று முடிவாகும் நாளிலிருந்து, வடிவமைப்பு, சோதனை, உற்பத்தி, பல பத்தாண்டுப் பராமரிப்பு வரை அத்தனைக்கும் பொறுப்பேற்பவர் திட்ட மேலாளர். அவர் கையில் இருக்கும் பணமும் ஒரே பணம் அல்ல. ஆராய்ச்சிக்கான ஒதுக்கீட்டை 2 ஆண்டுகளுக்குள்ளும், விமானம் வாங்குவதற்கான ஒதுக்கீட்டை 3 ஆண்டுகளுக்குள்ளும் ஒப்பந்தத்தில் சேர்த்தாக வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பினால் சட்டச் சிக்கல். நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கும். (அந்தத் தேதிக்குள் அமெரிக்க நாடாளுமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றும் ஆண்டு அபூர்வம்.) ஒப்பந்தம் கிடைக்காத நிறுவனம் ஜி.ஏ.ஓ. என்ற தணிக்கை அமைப்பிடம் முறையிட்டால், தீர்ப்புக்கு 100 நாள் வரை காத்திருக்க நேரிடும். பொறியியல், கணக்கு, சட்டம் மூன்றும் தெரிந்தவருக்கே இந்த நாற்காலி பொருந்தும்.

பெர்னார்ட் ஷ்ரீவரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1910-இல் ஜெர்மனியின் பிரெமனில் பிறந்து, சிறுவனாகத் தாயுடன் அமெரிக்கா வந்தவர். ராணுவ விமானி ஆனார். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் முதுகலை முடித்தார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனையில் பணியாற்றினார். 1954-இல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைத் திட்டம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அட்லஸ், டைட்டன், மினிட்மேன் எல்லாம் அவர் பொறுப்பில் உருவானவை. நான்கு நட்சத்திர ஜெனரலாக ஓய்வு பெற்றார். இன்று கொலராடோவில் ஒரு படைத்தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை, பொறியியல், ராணுவம் என்ற இந்தச் சேர்க்கை உங்களுக்குச் சற்று நெருக்கமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். எந்தப் படை என்பதுதான் இங்கே முக்கால்வாசி முடிவு. விமானப்படையில் லெஃப்டினன்ட் என்ற தொடக்க அதிகாரி நிலையிலேயே கொள்முதல் மேலாண்மை, மேம்பாட்டுப் பொறியியல், ஒப்பந்தம் ஆகிய பிரிவுகளில் சேரலாம். தரைப்படையில் அப்படி இல்லை. சில ஆண்டுகள் களப்பணி முடித்து, பெரும்பாலும் கேப்டனான பிறகே கொள்முதல் பிரிவுக்கு மாற முடியும். உங்கள் மகள் விமானப்படையைத் தேர்ந்தெடுத்திருப்பது அவருடைய திட்டத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பிரிவை ஒதுக்குவது படையின் கையில் இருக்கிறது, விண்ணப்பதாரரின் விருப்பத்தில் மட்டும் இல்லை. வேறு பிரிவு கிடைத்தாலும் பணியாற்ற மனம் இருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். இல்லை என்றால் படையில் சேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

சேர்ந்த பிறகு படிப்பு நிற்காது. 1990-இல் வந்த ஒரு சட்டம் கொள்முதல் பணியாளர்களுக்குத் தனிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. அதற்கும் மேலாக 2 ஆண்டுக்கு 80 மணி நேரத் தொடர் பயிற்சி உண்டு. ஒஹாயோவில் விமானப்படையின் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் சம்பளத்துடனேயே முதுகலை படிக்கத் தேர்வாகவும் வாய்ப்புண்டு. அதற்கு ஈடாகக் கூடுதல் ஆண்டுகள் பணியாற்ற வேண்டும்.

சீருடையைக் கழற்றிச் சிவில் பதவிக்குப் போவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 20 ஆண்டு முடித்து ஓய்வூதியத்துடன் வெளியேறுபவரை, முதல் 180 நாட்களுக்குள் அதே துறையின் சிவில் பதவியில் சிறப்பு அனுமதி இல்லாமல் நியமிக்க முடியாது. 6 அல்லது 8 ஆண்டில் விலகுபவருக்கு இந்தத் தடை இல்லை, ஓய்வூதியமும் இல்லை. எந்த வழி என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

தனியார் நிறுவனச் சம்பளத்தை ஒப்பிட்டு எழுதியிருந்தீர்கள். நானாக இருந்தால் மகளிடம் அந்தப் பேச்சைக் கவனமாகவே எடுப்பேன். 1 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் திட்ட மேலாளராக இருந்தவர், அந்த நிறுவனத்திடம் பொதுவாக ஓர் ஆண்டுக்கு ஊதியம் பெறக் கூடாது. விமானப்படையின் மூத்த சிவில் கொள்முதல் அதிகாரி டார்லீன் ட்ருயன், போயிங்குடன் எரிபொருள் நிரப்பும் விமான ஒப்பந்தத்தைக் கையாண்டுகொண்டே, அதே நிறுவனத்தில் தனக்கு வேலையும் பேசினார். 2004-இல் அவருக்கு 9 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரோடு வேலை பேசிய போயிங் நிதித் தலைவரும் சிறை சென்றார். வேலை தேடுவதே குற்றமாகக்கூடிய தொழில் இது. "அந்தக் கம்பெனியில் உனக்கு ஏதாவது பார்க்கக் கூடாதா?" என்று வீட்டில் சாதாரணமாகக் கேட்பதுகூட அவருக்குச் சங்கடம்தான்.

பெற்றோரான உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ராணுவ அதிகாரியாக நியமனம் பெற மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. ரகசியத் தகவல்களைக் கையாளத் தேவையான பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்.எஃப். 86 படிவத்தில் வெளிநாட்டில் உள்ள நெருங்கிய உறவினர், மகள் பெயரில் இருக்கும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு, சொத்து எல்லாவற்றையும் எழுத வேண்டும். மகள் பெயரில் அவருக்கே தெரியாமல் நிலமோ வைப்புத்தொகையோ இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அவை இருப்பதால் மட்டும் அனுமதி மறுக்கப்படுவதில்லை. மறைத்ததாகத் தெரிந்தால் மறுக்கப்படலாம்.

உதவித்தொகை பெறாத மாணவர் என்றால், மூன்றாம் ஆண்டில் மேல்நிலைப் பயிற்சிக்குள் நுழையும்போதுதான் பணிக் கடப்பாடு தொடங்கும். அதற்குள் ஒருமுறை, கொள்முதல் பிரிவில் பணிபுரியும் ஓர் இளம் அதிகாரியோடு பேச ஏற்பாடு செய்து தருமாறு அவருடைய பயிற்சிப் பிரிவைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த உரையாடலில் நீங்கள் உடன் இருக்க வேண்டாம்.