விளையாட்டு வாத்தியமும் வளரும் காதும்: வாசகர் கேள்வி பதில்

சிறுவயதில் கையில் கிடைத்த பொம்மை வாத்தியத்தைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நினைவுகளைவிடக் கேள்விகளே மிகுதியாக இருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தீபாவளிச் சந்தையில் என் நான்கு வயதுப் பேரனுக்கு எட்டு வண்ணத் தகடுகள் கொண்ட சைலோபோன் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நாள் முழுவதும் அதையே தட்டிக்கொண்டிருக்கிறான். பாலர் பள்ளியில் கேட்ட பாட்டின் முதல் அடியை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே கண்டுபிடித்துவிட்டான். உடனே பியானோ வகுப்பில் சேர்க்கவேண்டும் என்கிறான் என் மகன். “கொஞ்ச நாள் விளையாடட்டும், அத்தை” என்கிறாள் மருமகள். யார் சொல்வது சரி?
ஒரு பாட்டி, பிடோக்

பதில்: உங்கள் மருமகள் சொல்வதே சரி, ஆனால் மகன் அவசரப்படுவதிலும் காரணம் இருக்கிறது. ஒரு பாட்டின் முதல் அடியைக் காதால் தேடிப் பிடிப்பது சிறிய செயல் அன்று. மனத்தில் ஒலிக்கும் சுரம் வேறு, கை தட்டிய சுரம் வேறு என்று உணர்ந்து, தேடும் சுரம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று ஊகித்து, தவறினால் மறுபடியும் தட்டிப் பார்க்கும் அந்த வேலையைத்தான் பின்னாளில் இசை ஆசிரியர்கள் காதுப் பயிற்சி என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறார்கள். உங்கள் பேரன் அதை யாருடைய கண்டிப்பும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறான். தேர்வும் தரநிலையும் சான்றிதழும் நுழையாத பருவம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகக் குறுகியது. அதை நாமாகவே மேலும் குறுக்கவேண்டியதில்லை.

வகுப்புக்கான நேரத்தை அவனே தெரிவிப்பான், வாய்திறந்து சொல்லமாட்டான் என்றாலும். இத்தகைய சைலோபோன்களில் பெரும்பாலும் சங்கராபரண ராகத்துக்குரிய ஸ ரி க ம ப த நி ஸ மட்டுமே இருக்கும். அவன் கேட்டுப் பழகிய பாட்டுகள் பலவற்றுக்கு இன்னும் சற்றுத் தாழ்ந்த நிஷாதமோ (நி) காந்தாரமோ (க) தேவைப்படும். அந்த இடம் வந்ததும் கையில் உள்ள கோல் தயங்கும். பக்கத்துத் தகட்டைத் தட்டுவான், முகம் சுளிப்பான், இரண்டு தகடுகளுக்கும் இடையில் தெரியும் வெறும் மரத்தைத் தட்டிப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. இல்லாத சுரத்தை அவன் இப்படித் தேடத் தொடங்கிவிட்டால் தாராளமாக வகுப்பில் சேருங்கள். ஒரு ஸ்தாயியின், அதாவது கீழ் ஸ முதல் மேல் ஸ வரையிலான அடுக்கின், பன்னிரண்டு சுரத்தானங்களில் அந்தப் பொம்மையில் விடுபட்டுப்போன ஐந்துதான் இசையின் மீது பசியைக் கிளப்பிவிடுகின்றன என்பது என் கணிப்பு. எல்லாம் நிறைந்த வாத்தியத்தை முதலிலேயே கொடுத்துவிட்டால் அந்தப் பசிக்கு இடமில்லாமல் போகிறது.

அதுவரை நீங்களும் அவனோடு உட்கார்ந்து விளையாட விரும்பினால், நான்காம் தகட்டின் மீதும் ஏழாம் தகட்டின் மீதும் ஒட்டுத்தாளை ஒட்டி, அவை இரண்டையும் தொடக்கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சுவது மோகன ராகம். எதை எந்த வரிசையில் தட்டினாலும் கேட்க இதமாகவே இருக்கும். நீங்கள் முதல் தகடான கீழ் ஸட்ஜத்தைத் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருக்க, அவன் மேலே விரும்பியபடி அலையலாம். ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், குனில்ட் கீட்மன் என்ற அம்மையாருடன் சேர்ந்து உருவாக்கிய குழந்தை இசைக் கல்வி முறையில், தகடுகளைக் கழற்றி எடுக்கக்கூடிய வாத்தியங்களைக் கொண்டு ஏறத்தாழ இதையே செய்கிறார்கள்.

நம் புலவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். தலைவனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடும் ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்பதாவது சிறுபறை. குழந்தை சிறிய பறையைத் தட்டி முழக்குவதை, சிறுதேர் உருட்டுவதற்கு முந்திய படியாக வைத்துப் பாடியிருக்கிறார்கள். “சத்தம் போடாதே” என்று அந்தப் பருவத்தில் அதட்டிய புலவர் எவரையும் நான் படித்ததில்லை. பெண் பிள்ளைக்கு ஏன் பறை தரவில்லை என்று கேட்டால், அது தனியே போடவேண்டிய சண்டை.

கேள்வி: மகளின் பொம்மை சைலோபோனில் நடுத் தகடுகள் பிசகி ஒலிக்கின்றன; கடைசித் தகடு ‘டொக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. சுருதி சேராத பொம்மை பிள்ளையின் காதைக் கெடுத்துவிடுமா?
ஒரு தந்தை, செங்காங்

பதில்: வீட்டில் நல்ல பாட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும்வரை ஒரு பொம்மையால் காது கெட்டுவிடாது. ஆயினும் பிசகைச் சரிசெய்ய முடியும்போது ஏன் விட்டுவைக்கவேண்டும்?

வீணையின் தந்தியைப் பாதியாகக் குறுக்கினால் ஒரு ஸ்தாயி ஏறும். உலோகத் தகட்டின் அதிர்வெண்ணோ அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், பாதியாக வெட்டினால் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். ஒரே தடிமன் உள்ள தகடுகளில், கீழ் ஸட்ஜம் 14 சென்டிமீட்டர் என்றால் மேல் ஸட்ஜம் 10 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கவேண்டும். இடையில் உள்ளவையும் சமமான படிகளாகக் குறையக்கூடாது. கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று சீரான படிக்கட்டுபோல வெட்டப்பட்ட பொம்மைகளில் நடுத் தகடுகள் சுருதி தாழ்ந்து ஒலிக்கும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, தாழ்ந்த தகட்டின் முனையை அரத்தால் சிறிது சிறிதாகத் தேயுங்கள், சுருதி உயரும். அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டால், அடிப்பக்கத்தின் நடுப்பகுதியைத் தேய்த்துத் தாழ்த்தலாம்.

‘டொக்’ என்ற சத்தத்துக்குக் காரணம் வேறு. தகடு அதிரும்போது, இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் ஏறத்தாழ 22 விழுக்காடு தள்ளி உள்ள இடங்கள் அசைவதில்லை. ஆணியும் தாங்கலும் அங்கேதான் அமையவேண்டும். அமைந்தாலும், ஆணியை இறுக்கி அடித்திருந்தால் ஒலி செத்துவிடும். சற்றுத் தளர்த்திவிட்டு, அடியில் கம்பளித் துணித் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா வாங்கித் தந்த பத்துத் துளை மவுத் ஆர்கன்தான் அன்று எனக்கு விளையாட்டுச் சாமான். கீழ்த் துளைகளில் எந்தப் பாட்டும் முழுமையாக வரவில்லை. எனக்குச் சுரஞானம் இல்லை என்று முடிவுகட்டி அதைப் பெட்டியில் போட்டுவிட்டேன். இப்போது வயது 66. ஆசை மட்டும் போகவில்லை. இனிக் கற்க முடியுமா?
ஒரு வாசகர், ஈசூன்

பதில்: ஐயா, உங்கள் காது அன்றே சரியாகத்தான் இருந்திருக்கிறது. பத்துத் துளை மவுத் ஆர்கனின் முதல் மூன்று துளைகளில் ஊதினால் ஸ, க, ப ஒலிக்கும். காற்றை உள்ளிழுத்தால் ரி, ப, நி ஒலிக்கும். அந்தப் பகுதியில் மத்யமமும் (ம) தைவதமும் (த) கிடையா. பாட்டுக்குத் துணையாகப் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். முழு வரிசை நான்காம் துளையில்தான் தொடங்குகிறது: நான்கில் ஊதினால் ஸ, இழுத்தால் ரி, ஐந்தில் க, ம, ஆறில் ப, த, ஏழில் மட்டும் முறை மாறி, இழுத்தால் நி, ஊதினால் மேல் ஸ. பெட்டியைத் திறந்து இன்றே நான்காம் துளையிலிருந்து வாசித்துப் பாருங்கள். கீழே விடுபட்ட இரண்டு சுரங்களையும் பெற வழி உண்டு. காற்றை இழுக்கும்போது நாக்கின் நிலையை மாற்றிச் சுருதியைத் தாழ்த்தினால் இரண்டாம் துளையில் மத்யமமும் மூன்றாம் துளையில் தைவதமும் பிறக்கும். இதற்குப் பல மாதப் பயிற்சி தேவை. ஆனால் அந்த வளைவு கைவந்துவிட்டால், சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகத்துக்கு மிக அருகில் போய்விடுவீர்கள்.

வயதைப் பற்றிய தயக்கத்துக்கு நம் ஊர்க் கலைஞர் ஒருவரையே சொல்கிறேன். 1945இல் சிங்கப்பூரில் பிறந்த மார்கரெட் லெங் டான், நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி, அது 1971இல். பெரிய பியானோவில் பேர்பெற்ற அவர், பொம்மைப் பியானோவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தது 1990களில்தான். உள்ளே தந்தி இல்லாமல், உலோகத் துண்டுகளைச் சிறு சுத்திகள் தட்டி மணிபோல் ஒலிக்கும் அந்தப் பொம்மையை, 1872இல் ஃபிலடெல்ஃபியாவில் தொழில் தொடங்கிய ஆல்பர்ட் ஷோன்ஹட் வீடுகள்தோறும் பரப்பினார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1948இல் அதற்கென்றே ஒரு படைப்பை எழுதினார். அது முழுவதும் ஒன்பதே சுரங்களுக்குள் அடங்கியது. அந்த ஒன்பது சுரங்களின் வழியாகத்தான் லெங் டான் பொம்மைப் பியானோவிடம் வந்தார். 2015இல் சிங்கப்பூர் அவருக்குக் கலாசாரப் பதக்கம் அளித்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருவர் பொம்மையில் தொடங்கலாம் என்றால், ஏற்கெனவே வாசித்துப் பழகிய மவுத் ஆர்கனிடம் நீங்கள் தாராளமாகத் திரும்பலாம். வீட்டருகே உள்ள சமூக மன்றத்தின் வகுப்புப் பட்டியலையும் பாருங்கள்.

கேள்வி: பொம்மை வாத்தியம் வாசித்தால் பிள்ளைக்குக் கணிதம் நன்றாக வருமாமே?
ஒரு தாய், ஜூரோங் வெஸ்ட்

பதில்: இந்தப் பேச்சு பரவியதற்கு 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு பெரிய காரணம். அதில் மொட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். வாத்தியம் வாசித்தவரும் இல்லை, குழந்தையும் இல்லை. அவர்களிடம் தென்பட்ட சிறு முன்னேற்றமும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. கணிதத்துக்குக் கணிதமே படிக்கட்டும்.

கேள்வி: என் மகள் ஆறு வயதில் பொம்மைக் கீபோர்டில் தானாகவே பாட்டுகளைக் கண்டுபிடித்து வாசித்தாள், அந்த ஆர்வத்தைப் பார்த்துத்தான் கர்நாடக வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்த்தேன். கீபோர்டைத் தொட்டால் கமகம் வராது என்கிறார் ஆசிரியை. அதைப் பூட்டி வைத்துவிடலாமா?
ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: ஆசிரியையின் கவலை பழையது, நியாயமானதும்கூட. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல இயலாது என்பதும் முக்கியக் காரணமாக, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே விலக்கி வைத்திருந்தது. ஆகவே வகுப்புப் பாடத்தைக் கீபோர்டில் வாசித்துப் பழகவேண்டாம். சுருதிக்குத் தம்புராவே இருக்கட்டும்.

ஆனால் பூட்டவேண்டாம். வாய்ப்பாட்டில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அந்தப் பொம்மை காட்டும். வெள்ளைக் கட்டைகளை மட்டும் பயன்படுத்தி, ‘சி’ கட்டையை ஸட்ஜமாகக் கொண்டால் சங்கராபரணம். அதே கட்டைகளில் அடுத்ததை ஸட்ஜமாக வைத்தால் கரஹரப்பிரியா. அதற்கடுத்தது தோடி, பிறகு கல்யாணி, ஹரிகாம்போஜி, நடபைரவி என்று வரிசையாக வரும். ஏழாவதில் மட்டும் பஞ்சமம் (ப) சரியாக அமையாது. கமகம் இல்லாத தோடி தோடியே அன்று என்று ஆசிரியை சொல்வார். அவர் சொல்வது உண்மை. எனினும் ஸட்ஜத்தை இடம் மாற்றினால் ராகமே மாறும் கிரகபேதம் என்ற பெரிய விஷயத்தை ஒரு சிறுமி தன் விரலால் கண்டுபிடிக்கிறாள் என்றால், அவரும் அருகில் வந்து பார்ப்பார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ஏழு வயது மருமகனுக்குப் பிறந்தநாள் பரிசாக 30 வெள்ளிக்குள் ஒரு வாத்தியம் வாங்கவேண்டும். வீவக அடுக்குமாடி வீடு என்பதால் அண்டை வீட்டாரையும் நினைக்கவேண்டியிருக்கிறது.
ஒரு தாய்மாமன், தெம்பனிஸ்

பதில்: பொத்தானை அமுக்கினால் முழுப் பாட்டையும் தானே பாடிவிடும் பொம்மையை வாங்காதீர்கள், அதில் பிள்ளைக்குச் செய்ய வேலையே இல்லை. மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும் ஓங்கித் தட்டினால் ஓங்கியும் ஒலிப்பதாக இருக்கவேண்டும். ஏழு வயதுக்குப் பதினேழு நாக்குகள் கொண்ட கலிம்பா பொருத்தம்: கட்டைவிரல்களால் மீட்டுவது, கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது, சிறு சுத்தியால் நாக்கை முன்னும் பின்னும் தட்டிச் சுருதி சேர்க்கலாம். பேட்டரியில் இயங்கும் பொம்மையைத்தான் வாங்குவது என்று முடிவானால், வீட்டில் அவனைவிடச் சிறிய குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருப்பதை வாங்குங்கள். விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.