வேலை, இன்டர்ன்ஷிப், அறை: இணையத்தில் தேடும் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: திருநெல்வேலியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். ஓர் இணையதளம் வழியாக விண்ணப்பித்த இன்டர்ன்ஷிப்புக்குத் தேர்வாகிவிட்டதாக மறுநாளே வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் சேர்த்து 3,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். நேர்காணலோ சிறு தேர்வோ இல்லாமல், விண்ணப்பித்த மறுநாளே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்துக்குத் தேவை உங்கள் உழைப்பு அன்று, உங்கள் கட்டணம். இப்படிக் கேட்பவர்கள் அனைவரையும் மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு காணொளிப் பாடங்களை அனுப்பி, சொன்னபடியே சான்றிதழும் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது பயிற்சி வகுப்பே தவிர இன்டர்ன்ஷிப் ஆகாது. பிற்பாடு வேலைக்கான நேர்காணலில் ‘அங்கே என்ன வேலை பார்த்தீர்கள், யாரிடம் பார்த்தீர்கள்?’ என்று கேட்டால், அந்தச் சான்றிதழால் உங்களுக்குப் பதில் சொல்லித் தர முடியாது.

இன்டர்ன்ஷிப் வாய்ப்புகளை வெளியிடும் இன்டர்ன்ஷாலா போன்ற தளங்கள் விண்ணப்பதாரரிடம் பணம் கேட்கும் நிறுவனங்களைத் தம் விதிகளின்படியே அனுமதிப்பதில்லை. பேச்சை உடனே வாட்ஸ்அப்புக்கு நகர்த்துவதற்கும் அதுவே காரணம். தளத்துக்கு உள்ளே கேட்டால் புகாரில் சிக்கிவிடுவார்கள். உரையாடலைப் படமெடுத்து அந்தத் தளத்துக்கே புகார் அனுப்புங்கள். நிறுவனத்தை நீங்களே சரிபார்க்கவும் வழி இருக்கிறது. பதிவு பெற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் உண்டு. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்தால் அது கிடைக்கும். அதன் நடுவே வரும் இரண்டு எழுத்துகள் பதிவான மாநிலத்தையும், அடுத்த நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டையும் காட்டும். ‘பதினைந்து ஆண்டு அனுபவம்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் எண்ணில் 2024 என்று இருந்தால், மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பயோடேட்டாவில் ஆதார் எண்ணைக் குறிப்பிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை வேலை உறுதியான பிறகு மனிதவளத் துறையினரிடம் கொடுத்தால் போதும். அடையாளச் சான்று கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டேன். அரசுத் தளங்கள் வழியாக உதவித்தொகையுடன் பயிற்சி பெற முடியுமா?

பதில்: முடியும், மாணவர்கள் தனியார் தளங்களில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இவற்றுக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது நாட்ஸ் எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தளம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் நடக்கும் இத்திட்டத்தைத் தென்மாநிலங்களில் சென்னை தரமணியிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் நிர்வகிக்கிறது. 2019-ஆம் ஆண்டு விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாயும், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாயும் என நிர்ணயித்தன. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் 21 முதல் 24 வயது வரையுள்ளவர்களுக்காக, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சியாகத் தொடங்கப்பட்டது. தொடங்கியபோது இருந்த விதிகளின்படி, முழுநேரப் படிப்பிலோ முழுநேர வேலையிலோ இருப்பவர் அதில் சேர முடியாது. வேலையாகவே வேண்டுமென்றால், தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.

கேள்வி: வீட்டிலிருந்தே செய்யும் டேட்டா என்ட்ரி வேலையில் சேர்ந்தேன். பிழைகள் அதிகம் என்று சம்பளம் தர மறுத்ததோடு, ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக வக்கீல் நோட்டீஸும் அனுப்பி 6,000 ரூபாய் கேட்கிறார்கள். கைது செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம், பணமும் அனுப்ப வேண்டாம். எவராலும் எட்ட முடியாத துல்லியத்தை நிபந்தனையாக வைத்து, வேலை முடிந்ததும் ‘தோற்றுவிட்டீர்கள்’ என்று சொல்லி மிரட்டுவதுதான் இந்தக் கும்பல்களின் தொழில். ஒப்பந்தத்தை மீறியதாக ஒருவர் சொல்வதால் மட்டுமே காவல்துறை யாரையும் கைது செய்வதில்லை. அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி அங்கும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். உங்களுக்கு அப்போது 18 வயது நிறைவடையவில்லை என்றால் ஒப்பந்தமே செல்லாது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் இணையப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் ஒரு லட்சம் சம்பளம் என்று டெலிகிராமில் விளம்பரம் வந்தது. சுற்றுலா விசாவில் வரச் சொல்கிறார்கள்.

பதில்: போகாதீர்கள். இதே வாக்குறுதியை நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் 2022-இல் தாய்லாந்து எல்லையையொட்டிய மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைப்பவரிடம் மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லை.

கேள்வி: சோழிங்கநல்லூரில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. இணையத்தில் பார்த்த வீட்டின் உரிமையாளர், தாம் வெளியூரில் ராணுவப் பணியில் இருப்பதாகவும், வீட்டைப் பார்க்க ‘கேட் பாஸ்’ கட்டணமாக 2,000 ரூபாய் அனுப்பினால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாகவும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பக் கூடாது. வீட்டைப் பார்ப்பதற்கு அப்படி ஒரு கட்டணம் எங்கும் கிடையாது. ராணுவச் சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவது இந்த ஏமாற்றின் வழக்கமான பாகம். ‘உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்’ என்பது அடுத்து வரும். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது.

நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நீங்கள் போக முடியாவிட்டால் சென்னையிலுள்ள நண்பரையோ உறவினரையோ அனுப்புங்கள். வீடு எடுப்பதானால் எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் கூடாது. ‘வேறுவிதமாக’ என்ற அந்த ஓட்டையின் வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் நுழைகிறது என்பதால், கையெழுத்திடுவதற்கு முன் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள். மகளிர் விடுதியானால் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது மாவட்ட ஆட்சியரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.