வாசகர் கேள்வி – பதில்: முகம் பாராத ஆசான்

கேள்வி: நியூயார்க்கில் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, புரூக்ளினின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் கறுப்புத் தொப்பி அணிந்த யூத இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபது வயதுதான் இருக்கும். “ரெபேயோடு பிணைந்திருக்கிறேன்” என்றார். அந்த ரெபே 1994லேயே காலமாகிவிட்டார் என்று மகன் பிறகு சொன்னான். தான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட ஒருவரோடு எப்படிப் பிணைந்திருக்க முடியும்?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: அந்த இளைஞர் குறிப்பிட்டவர் ஹசிதிக் எனப்படும் யூத பக்தி இயக்கத்தின் ஒரு கிளையான ஹபாத் லுபாவிச் மரபின் ஏழாம் ரெபே, அதாவது ஏழாம் தலைவர், மெனக்கெம் மெண்டல் ஷ்னேர்சன். 1902இல் இன்றைய உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரில் பிறந்தவர். மாமனாரான ஆறாம் ரெபே 1950இல் காலமானபின், 1951இல் தலைமையை ஏற்றவர். அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. உங்கள் கேள்வியை ஒருவர் அந்த மாமனாரிடமே, அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே கேட்டிருக்கிறார். மாமனாரின் பேச்சுகளிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் நாளுக்கு ஒன்றாக மருமகன் 1942-43இல் தொகுத்த ‘ஹயோம் யோம்’ என்ற சிறு நூலில் அது இருக்கிறது. நேரில் அறிமுகமே இல்லாத நான் உங்களோடு எப்படிப் பிணைவது என்பது கேள்வி. உண்மையான பிணைப்பு யூத வேதமான தோராவைக் கற்பதால் உண்டாகிறது என்று தொடங்கும் பதில், என் உரைகளைக் கற்று, என் பேச்சுகளைப் படித்து, என் அன்பர்களோடு சேர்ந்து கற்றும் கூடிப் பேசியும், வேதாகமத்தின் சங்கீதப் பாடல்களை ஓதும்படியும் படிப்புக்குரிய நேரங்களைத் தவறவிடாதிருக்கும்படியும் நான் கேட்டுக்கொண்டதை நிறைவேற்றினால் பிணைப்பு அதில்தான் இருக்கிறது என்று முடிகிறது. பிணைப்புக்கு அவர்கள் வழங்கும் ‘ஹித்கஷ்ருத்’ என்ற சொல், முடிச்சைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் வழி வந்தது.

இதன் வேர், பண்டைய யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதில் இருக்கிறது. பத்துக் கட்டளைகளின் முதற்சொல்லான ‘நான்’ என்பதன் எபிரேய எழுத்துகளை ஒவ்வொன்றாக விரித்து, ‘என்னையே எழுதிக் கொடுத்தேன்’ என்று அங்கே பொருள் காண்கிறார்கள். இறைவன் தன் சொல்லில் தன்னையே வைத்துக் கொடுத்ததுபோல, நீதிமானும் தன் போதனையில் தன்னை வைத்துக் கொடுக்கிறார் என்பது ஹசிதிக் மரபு இதற்குத் தரும் விரிவு. மறைந்த அறிஞரின் பெயரைச் சொல்லி அவர் போதனையை எடுத்துரைக்கும்போது கல்லறையில் அவருடைய உதடுகள் அசைகின்றன என்றும் தல்மூது சொல்கிறது. ஹபாத்தின் நிறுவனர் ஷ்னேயூர் சல்மானின் ‘தான்யா’ என்னும் நூல் 1796இல் அச்சானது. ஒரு நெறியைப் புரிந்துகொள்ளும்போது அறிவு அதைச் சூழ்கிறது, அதே வேளையில் அதனால் சூழப்படவும் செய்கிறது, உடல்களுக்கிடையே இதற்கு இணையான ஒன்றிப்பு கிடையாது என்று அதன் ஐந்தாம் அதிகாரம் வாதிடுகிறது. ஆகவே அந்த இளைஞர் சொன்னதை வெறும் உணர்ச்சிப் பெருக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பின்னால் இப்படியொரு தருக்கம் இருக்கிறது.

ரெபேயின் சொற்கள் அந்த இளைஞரின் கைக்கு வந்துசேர்ந்த வழியையும் சொல்லியாக வேண்டும். ஓய்வுநாளில் எழுதுவதும் ஒலிப்பதிவு செய்வதும் விலக்கு. ரெபேயோ அந்த நாட்களில்தான் பல மணி நேரம் பேசுவார். ‘ஹோசர்’ எனப்படும் நினைவாளர்கள் கூட்டத்தில் நின்று கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டு, நாள் முடிந்தபின் ஒருவர் விட்டதை மற்றவர் நிரப்ப, முழுப் பேச்சையும் திரும்பச் சொல்லி எழுதிவைப்பார்கள். அவர்களில் தலைமையானவர் ரப்பி (யூத மதகுரு) யோயேல் கான். அப்படிப் பதிவானவற்றில் ரெபேயே திருத்தித் தந்தவை ‘லிக்குத்தே சிகோத்’ என 39 தொகுதிகளாக நிற்கின்றன.

அவற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டினால் அறிவுரைகள் வரிசையாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1964இல் தாயார் மறைந்தபின், பதினோராம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரையாசிரியர் ராஷியின் உரையை வாரந்தோறும் ரெபே விளக்கத் தொடங்கினார். ராஷி எழுதியது வேதம் படிக்கத் தொடங்கும் ஐந்து வயதுக் குழந்தைக்காக என்பது அவர் பிடித்துக்கொண்ட நூல்முனை. வசனத்தில் இந்தச் சொல்லை மட்டும் ராஷி எடுத்துக்காட்டியது ஏன், அடுத்த சொல்லை விட்டது ஏன், குழந்தைக்கு இந்த ஐயம் முந்தைய அதிகாரத்திலேயே எழுந்திருக்காதா என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரே விளக்கத்தால் எல்லாவற்றையும் அவிழ்ப்பார். இருவராக உட்கார்ந்து இதைப் படிக்கும் மாணவர்கள் அவருடைய விடையை உடனே பார்ப்பதில்லை. அவர் எழுப்பும் தடைகளை முதலில் தாங்களே எழுப்பப் பழகுகிறார்கள். பிணைப்பு என்று அவர்கள் சொல்வதன் நடைமுறைப் பொருள் இதுதான் என்பது என் எண்ணம்: அவருடைய முகத்தை அல்ல, அவர் யோசிக்கும் வழியை அறிந்துகொள்கிறார்கள்.

ஆனால் புத்தகம் போதும் என்று அவர்களே சொல்வதில்லை. தம்மிடம் ஆலோசனை கேட்டு வருவோருக்குத் தனித்தனியே பதில் சொல்ல நேரம் போதாமல்தான் ‘தான்யா’வை எழுதியதாகக் கூறும் ஷ்னேயூர் சல்மான், வாயால் சொல்லக் கேட்பதும் நூலில் படிப்பதும் ஒன்றல்ல, படிப்பவன் தன் மனப்போக்கின்படியே படிப்பான் என்று அந்த நூலின் முன்னுரையிலேயே எச்சரித்து, விளங்காவிட்டால் ஊரிலுள்ள பெரியவர்களிடம் கேட்கச் சொல்கிறார். தன் நூலின் குறையை முன்னுரையிலேயே சொல்லிவிடும் ஆசிரியர்கள் எத்தனை பேர்! மேலே பார்த்த பதிலில் ‘என் அன்பர்களோடு சேர்ந்து’ என்ற சொற்கள் வருவதும் இதனால்தான்.

கேள்வி: ரெபேயின் கடிதத் தொகுதிக்குள் தங்கள் கோரிக்கைச் சீட்டை வைத்து, திறந்த பக்கத்தில் வருவதைப் பதிலாக எடுத்துக்கொள்கிறார்களாமே, இதுவும் கற்றலா?
— வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: அவ்வாறு செய்வோர் இருக்கிறார்கள், ஹபாத்துக்குள்ளேயே அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அது கற்றல் அன்று. முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் உள்ள அந்தக் கடிதங்கள் குறிப்பிட்ட ஒருவருடைய சூழ்நிலையைப் பார்த்து எழுதப்பட்டவை. உடல்நலம் பற்றிக் கேட்டவர்களிடம், நண்பராக உள்ள மருத்துவர் ஒருவரைக் கலந்துகொள்ளும்படி அவர் சொல்வது வழக்கம். 1980களில், ஒவ்வொருவரும் தமக்கென நேரில் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தவும் செய்தார். அந்தக் கடிதங்களை வரிசையாகப் படித்தவர்களுக்கு, ‘இதைப் போய் இன்னாரிடம் கேள்’ என்று அவரே சொல்லும் இடங்கள் தட்டுப்படாமல் போகா.

கேள்வி: வாரிசு இல்லாமல் போன ஹசிதிக் தலைவர் இவர் ஒருவர்தானா?
— அதே வாசகர்

பதில்: இல்லை. ஹசிதிக் இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷேம் தோவின் கொள்ளுப்பேரரும் ப்ரெஸ்லவ் என்னும் ஹசிதிக் கிளையின் தலைவருமான ரப்பி நக்மன், 1810இல் 38 வயதில் இன்றைய உக்ரைனின் உமான் நகரில் காசநோயால் இறந்தார். அவருக்குப் பின் யாரும் ரெபே ஆகவில்லை. பிறர் அவருடைய சீடர்களை ‘செத்த ஹசித்கள்’ என்று ஏளனம் செய்தார்கள். அவர் பேச்சுகளை எழுதிவைத்த சீடர் ரப்பி நாத்தான், ஆசான் மறைந்தபின் வாழ்நாளெல்லாம் அவற்றை அச்சிட்டுப் பரப்பினார். யூதப் புத்தாண்டுக்கு உமானில் இன்றும் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். கல்லறையருகே அவர் குறித்துக் கொடுத்த பத்துச் சங்கீதங்களை, 16ஆவதில் தொடங்கி 150ஆவதில் முடியும் அதே வரிசையில், ஓதுகிறார்கள்.