கப்பல் நிற்பது ஒரு பகல்தான். குஷிரோவில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஜூனில் ஜப்பானைச் சுற்றிவரும் கப்பலில் நானும் கணவரும் போகிறோம். ஹொக்கைடோவின் குஷிரோ துறைமுகத்தில் காலை முதல் மாலை வரை நிற்குமாம். கொக்கு, சதுப்புநிலம், ஐனு பூர்வகுடிகளின் கிராமம், மீன் சந்தை என்று பட்டியல் போட்டிருக்கிறோம். போய்வந்ததாக எழுதியிருந்தீர்களே, எல்லாம் பார்த்துவிடலாமா?
- திருச்சி வாசகி

பதில்: முடியாது. என் வீட்டுக்காரர் ஆறு இடங்களுக்கு மணிக்கணக்குப் போட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார். கப்பலை விட்டு இறங்கினால் எதிரில் நிற்கும் ஆள்கூடத் தெரியாத மூடுபனி. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அங்குள்ள குளிர்ந்த கடல்நீரோட்டத்தின் மேல் பட்டுப் பனியாகிவிடுகிறது. குஷிரோவில் கோடைக்காலம் என்றாலே இப்படித்தானாம். ஜப்பானின் மிகப் பெரிய சதுப்புநிலத்தை ஹொசொவோக்கா மேட்டிலிருந்து பார்க்கலாம் என்று போனோம். வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது போல ஒரு காட்சி, அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் போச்சு.

திரும்பும் வழியில் டாக்ஸிக்காரர் ஒரு மாட்டுப் பண்ணையோரம் சட்டென்று நிறுத்தினார். மாடுகளுக்கு அப்பால் இரண்டு பெருங்கொக்குகள், நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு குஞ்சு. 'தன்ச்சோ' என்கிறார்கள். நிமிர்ந்தால் என் தோள் உயரம் இருக்கும். உச்சந்தலையில் இருக்கும் சிவப்பு இறகில்லை. கோழிக்கொண்டை மாதிரி வெறும் தோல். வால் கறுப்பு என்று நினைத்திருந்தேன். ஒன்று சிறகை விரித்ததும்தான் தெரிந்தது, வால் வெள்ளை. அதன்மேல் மடிந்து கிடந்த சிறகின் பின்னோர இறகுகள்தான் கறுப்பு. ஆண் ஒரு குரல் கொடுக்க, பெண் உடனே இரண்டு குரலாகப் பதில் சொன்னது. எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான்.

இந்த இனம் ஜப்பானில் அழிந்தே போனது என்று நினைத்திருந்தபோது, 1924இல் இந்தச் சதுப்பில் பத்து இருபது பறவைகள் தென்பட்டன. 1950களின் கடுங்குளிரில் பக்கத்து ஊர் மக்கள் மக்காச்சோளம் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்று 1,500க்கும் மேல். அந்தச் சோளப் பழக்கத்தில்தான் மாட்டுத் தீவனத்திலும் வாய் வைக்கின்றன என்று பண்ணைக்காரர்களுக்கு வருத்தம். அரசு இப்போது தீவனத்தைக் குறைத்துவருகிறது.

எங்களுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். அதை நம்பிப் போகாதீர்கள். கோடையில் கொக்குகள் கூடுகட்டிச் சதுப்புக்குள் சிதறிக் கிடக்கும்; படங்களில் பார்க்கும் பனியில் ஆடும் கூட்டமெல்லாம் குளிர்காலத்துக்கு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 1958இல் திறந்த கொக்குப் பூங்கா இருக்கிறது. வேலிக்குப் பின்னால்தான் நிற்கும், ஆனால் நிச்சயம் பார்க்கலாம். அதே சாலையில் மேலே போனால் அகன் ஏரி, கரையில் ஐனு கிராமம். துறைமுகத்திலிருந்து 70 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பயணம். இந்த இரண்டும் போதும். சொந்தமாக டாக்ஸி பிடித்தால் கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள், கப்பல் காத்திருக்காது.

கேள்வி: ஐனு நடனம் என்று காட்டுவது சுற்றுலாப் பயணிகளுக்கான வேஷம்தானே?
- காரைக்குடி வாசகர்

பதில்: டிக்கெட் வாங்கித்தான் நானும் பார்த்தேன். ஆனாலும் வேஷம் என்று சொல்ல மனம் வரவில்லை. மெய்ஜி பேரரசர் காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவர்களுடைய ஆற்றில் அவர்களே சால்மன் பிடிக்கத் தடை வந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் ஜப்பானியத்துக்கு மாற்றினார்கள். பூர்வகுடிகள் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 2019இல். பாட்டு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். கொக்கு நடனத்தில் பெண்கள் மேலாடையைச் சிறகாகத் தூக்கிப் பிடித்துக் குரல் கொடுத்தார்கள். கொக்கை அவர்கள் 'சதுப்பின் தெய்வம்' என்கிறார்கள். காலையில் பார்த்ததற்குப் பொருள் அப்போதுதான் புரிந்தது.

'முக்குரி' என்று ஒரு வாத்தியம். நம்ம மோர்சிங்குக்கு மூங்கில் தங்கை. மெல்லிய மூங்கில் பட்டையில் நாக்கு மாதிரி கீறி, வாயருகே பிடித்து நூலைச் சுண்டுகிறார்கள். கடைக்கார அம்மா வாசித்தபோது மழைச்சொட்டு கேட்டது. நான் சுண்டியபோது நூல்தான் கேட்டது.

இன்னொன்று. ஐனு மொழியில் ஊருக்கு 'கொத்தான்' என்று பெயர். என் காதில் 'கோட்டான்' என்றே விழுந்தது. நிமிர்ந்தால் நுழைவாயிலில் சிறகு விரித்த பெரிய மர ஆந்தை! ஊரைக் காக்கும் தெய்வம் அவர்களுக்கு ஆந்தைதானாம். நம்ம வீட்டில் அலறினால் செருப்பைத் தூக்கி எறிவோம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கரையில் என்ன சாப்பிடுவது?
- கோவை வாசகி

பதில்: காலைச் சாப்பாட்டைக் கப்பலிலேயே திருப்தியாக முடித்துவிடுங்கள். காய்கறி சூப் என்று தருவதிலும் பெரும்பாலும் காய்ந்த மீன்தூளில் இறக்கிய சாறு இருக்கும். கடைகளில் விற்கும் சோற்று உருண்டையில் உமெபொஷி என்கிற, உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்தது கிடைக்கும். நார்த்தங்காய் ஊறுகாயோடு பழைய சோறு சாப்பிடுகிற மாதிரி. அதிலும் மீன்சாறு சேர்த்திருக்கிறதா என்று போனில் உறையை மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலிலிருந்து பழம் எடுத்து வராதீர்கள், பயிர்நோய்க்குப் பயந்து தடுத்துவிடுவார்கள். அசைவக்காரர்களுக்கு வாஷோ சந்தை: முதலில் ஒரு கிண்ணம் சோறு வாங்கி, கடை கடையாகப் போய் வேண்டிய மீன் துண்டுகளை மேலே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டாக்ஸிக்காரருக்கு டிப்ஸ் உண்டா?
- அதே வாசகி

பதில்: கொடுக்காதீர்கள், துரத்திவந்து திருப்பித் தருவார்கள். அப்புறம், பின்கதவைத் தொடவேண்டாம். ஓட்டுநர் உள்ளிருந்தே திறப்பார், மூடுவார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு நான்கு தடவை இழுத்துப் பார்த்தார்.