கிணற்று நீச்சலும் மாஸ்டர்ஸ் போட்டியும்

கேள்வி: எனக்கு 44 வயது, நவம்பரில் 45. தையல் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் பழகிய நீச்சல். இரண்டு வருடமாகக் குளத்துக்குப் போகிறேன், 25 மீட்டர் குளத்தில் நிற்காமல் பத்து நீளம் போவேன். பெரியவர்களுக்கு வயதுவாரியாக நடத்தும் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. வீட்டில் ‘இந்த வயசுல எதுக்கு?’ என்று சிரிக்கிறார்கள். மேடையில் ஏறித் தலைகீழாகப் பாயவும் பயம். எங்கே தொடங்குவது?
- வாசகி, ஈரோடு

பதில்: நானும் கிணற்று நீச்சல்காரிதான். முதுகில் மிதவையாகக் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி அப்பா தள்ளிவிட்டதில் கற்றது. முதல் போட்டியில் இறங்கும்போது எனக்கு வயது 47.

உலக நீச்சல் சம்மேளனத்தின் மாஸ்டர்ஸ் விதிப்படி போட்டி 25 வயதில்தான் தொடங்குகிறது. 25-29, 30-34 என்று ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள். டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இந்த ஆண்டு முழுக்க 45-49 பிரிவு. அங்கே நீங்கள்தான் கடைக்குட்டி! என் தோழி ஒருத்தி 60 எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள், அடுத்த பிரிவுக்குப் போக.

பாய்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். மாஸ்டர்ஸில் தொடக்க மேடையில் இருந்துதான் குதிக்க வேண்டும் என்றில்லை. குளத்தின் விளிம்பில் இருந்து குதிக்கலாம், தண்ணீருக்குள் நின்று சுவரை உதைத்தும் கிளம்பலாம். முன்கூட்டியே நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நம்மைப் போன்ற கிணற்றுக்காரர்களிடம் உள்ள கோளாறே வேறு. தலையைத் தூக்கி வைத்துக்கொண்டே நீந்துவோம். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், பின்னால் கால் சுமையாக இழுபடும். முகத்தைத் தண்ணீரில் வையுங்கள் என்றால் மூச்சை அடக்கிக்கொள்வோம். அப்புறம் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் எப்படி? முகம் உள்ளே இருக்கும்போதே மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள், திரும்பும்போது இழுத்தால் போதும். எனக்கு இது பிடிபட மூன்று மாதம் ஆயிற்று. குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குமிழி விடும் என்னைப் பார்த்துப் பக்கத்தில் பழகும் பொடிசுகள் சிரித்தன.

இன்னொன்று, சுவர். என் முதல் போட்டி 50 மீட்டர் ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக், அதாவது தவளை நீச்சல். நன்றாகத்தான் வந்தேன். முடிவில் அவசரத்தில் வலது கையை மட்டும் நீட்டிச் சுவரைத் தொட்டேன். மேலே ஏறித் தலை துவட்டிக்கொண்டிருந்தவளிடம் வந்து, தகுதி நீக்கம் என்றார்கள். ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும், இரண்டு கையையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃப்ளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் பட வேண்டும். கிணற்றுப் படியை எந்தக் கையால் பிடித்தோம் என்று யார் பார்த்தது!

பத்து நீளம் நிற்காமல் போவது நல்ல விஷயம்தான், ஆனால் அதையே தினமும் செய்தால் வேகம் வராது. வாரம் மூன்று நாள், எட்டு முறை 50 மீட்டர், நடுவில் அரை நிமிட ஓய்வு. எட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முதல் இரண்டைப் பறந்து முடித்துவிட்டுக் கடைசியில் தத்தளிக்காதீர்கள். ஒவ்வொன்றின் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், போட்டி விண்ணப்பத்திலும் உங்கள் நேரத்தைக் கேட்பார்கள். கடுமையாகப் பழகும் முன் ஒருமுறை மருத்துவரிடம் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துவிடுங்கள். தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தோளில் இருந்து முழங்கால் வரை மறைக்கும் நீச்சலுடை விதிக்கு உட்பட்டதுதான். எத்தனையோ பெண்கள் தயங்கி நிற்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

முதல் தடவை 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு (விருப்பப்படி நீந்தும் பிரிவு) மட்டும் பெயர் கொடுங்கள். வீட்டில் சிரிப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், துண்டு பிடிக்க ஆள் வேண்டுமே.

கேள்வி: 52 வயது. பட்டர்ஃப்ளை ஆசை விடவில்லை. கை சரியாக வருகிறது, இரண்டு காலையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கும் டால்பின் உதைதான் வரவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடவா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: விடாதீர்கள். மாஸ்டர்ஸில் மட்டும் ஒரு சலுகை உண்டு: பட்டர்ஃப்ளைக்கு ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையைப் போடலாம். ஒரு கைவீச்சுக்கு ஒரு உதைதான். வேகம் குறையும், ஆனால் தகுதி நீக்கம் கிடையாது. முட்டி வலி இருந்தால் மட்டும் யோசியுங்கள், அந்த உதை முட்டியை நன்றாகவே திருகும்.