கர்த்தர் அக்கறையுள்ள மேய்ப்பர் என்று இன்னமும் எப்படி நம்புகிறீர்கள்?

கேள்வியில் இரண்டே வரிதான் இருக்கிறது. "23-ஆம் சங்கீதம் சொல்லி வளர்ந்தவன் நான். கர்த்தரை அக்கறையுள்ள மேய்ப்பர் என்று இன்னமும் எப்படி நம்புகிறீர்கள்?" அந்த 'இன்னமும்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர் அந்தச் சொல்லைப் போடமாட்டார். உங்கள் வீட்டில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

நான் போதகர் இல்லை. வேதாகமக் கல்லூரிப் பக்கமே போனதில்லை. ரங்கூனில் தையல் சாமான் கடை வைத்திருக்கும் பர்மாத் தமிழன், வயது 57. எபிரேய மூலத்தில் இப்படி இல்லையே என்று யாராவது வந்தால் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் ஆடு மேய்ப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் பெரியப்பா ஆடு வைத்திருந்தார், பதினான்கு வயது வரை நான் அவர் பின்னால் சுற்றினேன். (அவை வெள்ளாடுகள்தான், செம்மறி இல்லை. செம்மறியை வலப்பக்கமும் வெள்ளாட்டை இடப்பக்கமும் பிரித்து நிறுத்தும் மத்தேயு 25-ஐ எடுத்துக்கொண்டு வரவேண்டாம். நான் சொல்லப்போவது மேய்ப்பவரைப் பற்றி.)

எங்கள் ஊர் மோல்மேன் பக்கம், மோன் மாநிலம். அங்கே வைகாசியில் மழை பிடித்தால் ஐப்பசி வரை விடாது. ஈரத்தில் நின்றால் வெள்ளாட்டுக்குக் குளம்பு அழுகிப் போகும். அதனால் பெரியப்பா தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மூங்கில் பரண் போட்டு அதன்மேல்தான் ஆடுகளைக் கட்டுவார். அந்த ஐந்து மாதமும் மேய்ச்சல் கிடையாது. தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் போய்ப் பலா இலை அறுத்து, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வந்து தொங்கவிடுவார். முப்பது ஆட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கட்டு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தொரட்டிக் கம்பின் கைபிடிக்கும் இடம் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும்.

1964-இல் கடைகண்ணிகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் கப்பலேறி மதராஸ் போனார்கள். தாத்தா பெரியப்பாவையும் கிளம்பச் சொன்னாராம். அவருக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. "இதுங்கள யாருகிட்ட விட்டுட்டு ஏறச் சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், தங்கிவிட்டார். அவர் தங்கியதால் என் அப்பாவும் தங்கினார். நான் இந்த மண்ணில் பிறந்ததற்கு அந்த ஆடுகளும் ஒரு காரணம்.

இப்போது ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். எனக்குப் பத்து வயது இருக்கும். ஈரத் தழையைத் தின்று ஒரு ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. இடது விலா பறை மாதிரி விறைத்து நின்றது, மூச்சு வாங்கியது. கடலை எண்ணெயில் இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப் போட்டு, சாய்வாகச் சீவிய மூங்கில் குழாயில் ஊற்றிக் கொடுக்கவேண்டும். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா அதைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி, தாடையை விரலால் பிளந்து, குழாயைக் கடைவாய் வழியாகச் செருகினார். தலையை ரொம்பத் தூக்கிவிட்டால் எண்ணெய் நெஞ்சுக்குள் போய்விடும் என்று ஒரு கையால் அளவாகப் பிடித்துக்கொண்டே ஊற்றினார். அந்த ஆடு கத்தியது. கண் வெள்ளை தெரிய அவரைப் பார்த்தது. இவன் என்னைக் கொல்கிறான் என்று அது நினைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கே அழுகை வந்து "விட்டுருங்க பெரியப்பா" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அதன் முன்னங்கால்களைப் படிமேல் தூக்கி நிறுத்தி, விடியும் வரை விலாவை நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த ஆடு பிழைத்தது. வேறு சில ராத்திரிகளில் பிழைக்காததும் உண்டு. பிழைக்காத ராத்திரியிலும் அவர் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

சரி, 2021-க்கு வருகிறேன்.

அந்த வருடம் ஜூலையில் இங்கே கொரோனா மூன்றாம் அலை. அரசியல் பேச வரவில்லை, நாடு இருந்த நிலை எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் இடம் கிடையாது. ஏ.டி.எம்-மில் பணம் எடுக்க விடிகாலையிலேயே போய் நிற்கவேண்டும். ஆக்சிஜன் கிடைத்தால் உயிர், இல்லையென்றால் இல்லை. என் அண்ணனுக்கு 56 வயது. அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. அம்மாவுக்கு நான்காம் நாள் தணிந்துவிட்டது. அண்ணனுக்கு விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவியில் ஆக்சிஜன் அளவு 88 காட்டியது, அப்புறம் 80, அப்புறம் 71.

40 லிட்டர் சிலிண்டரில் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள், நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று திறந்தால் சுமார் 10 மணி நேரம் வரும். அதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை நிரப்பப் போய் நிற்கவேண்டும். தொழிற்பேட்டையில் நிரப்பும் இடத்துக்கு வெளியே சிலிண்டர்கள்தான் வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றின்மேலும் சாக்கட்டியில் பெயர் எழுதியிருக்கும். மழை பெய்து பெயர் அழிந்தால் ஓடிப்போய் மறுபடி எழுதுவோம். இரவானால் ஊரடங்கு வேறு. நான் அங்கே நின்ற நேரமெல்லாம் அந்தச் சங்கீதத்தின் முதல் வரி, 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்பது, ஒரு தடவைகூட எனக்கு வாயில் வரவில்லை. இதை மறைக்க நான் விரும்பவில்லை. கோபம்தான் இருந்தது.

எங்கள் வார்டில் வாசலில் துணி கட்டும் ஏற்பாடு அப்போது வந்தது. மஞ்சள் துணி என்றால் நோயாளிக்கு மருந்து உதவி வேண்டும், வெள்ளை என்றால் சாப்பாடு வேண்டும். மதினி தன் மஞ்சள் லுங்கியைக் கிழித்து மாடிக் கம்பியில் கட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் பின் தெருப் பர்மியப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள், யாருக்கும் இருபத்தைந்து தாண்டியிருக்காது. இரவலாக ஒரு சிலிண்டரை மூன்று மாடி தூக்கி வந்தார்கள். பௌத்தப் பிள்ளைகள். அதற்குமுன் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

அவர்களில் ஒருவன் வால்வைத் திருகிக்கொண்டே, உள்அறையில் அம்மா முணுமுணுப்பதைக் கேட்டு, "ஊலே (மாமா), பாட்டி என்ன ஓதுகிறார்?" என்று கேட்டான். சங்கீதத்தைப் பர்மிய மொழியில் சொன்னேன். மேய்ப்பனுக்கு அங்கே 'தோ தெய்ன்' என்று வரும், ஆடு பார்த்துக்கொள்பவன். ரங்கூன் பையன், ஆட்டு மந்தையை எங்கே கண்டான்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "கலே தெய்ன் மாதிரியா?" என்றான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு 'கலே தெய்ன்' என்று பெயர். இரண்டிலும் ஒரே 'தெய்ன்'தான். ஐம்பது வருடமாக இரண்டு மொழியும் பேசுகிறேன், எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை. குழந்தை அழுதாலும் கடித்தாலும் இறக்கிவைக்காமல் தூக்கிக்கொண்டு நிற்பவள். ஆமாம், அது மாதிரிதான் என்றேன்.

அன்று இரவு அண்ணன் முகமூடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். மூச்சு முட்டுகிறவருக்கு மூக்கில் எதை வைத்தாலும் அதுதான் அடைக்கிறது என்று தோன்றுமாம். நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முழங்காலால் அழுத்தி மறுபடி மாட்டினேன். அப்போது என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன், பத்து வயதில், விளக்கு வெளிச்சத்தில். தம்பி என்னை என்னமோ செய்கிறான் என்ற பார்வை. அவர்மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று அந்த நிமிடத்தில் அவரிடம் சொல்லிப் புரியவைக்க வழியே இல்லை. பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் முடிந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அண்ணன் போய்விட்டார்.

அதனால் 'நம்பினேன், அண்ணன் பிழைத்தார்' என்ற சாட்சி என்னிடம் இல்லை. எங்கள் வழக்கம் புதைப்பது. அன்று அதற்கெல்லாம் அனுமதி இல்லை, யேவே சுடுகாட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தோம். அடுத்த மாதம் சபைச் சகோதரர் ஒருவர் போன் செய்து, எரித்த சரீரம் எப்படி உயிர்த்தெழும் என்று அம்மாவிடம் கேட்டார். இன்னொருவர், வீட்டில் ஜெபம் குறைந்திருக்கும் என்றார். எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தை அவர்கள் ஒருமுறை வாசிக்கட்டும். நசல்கொண்டதைக் குணமாக்காமல், காயம்பட்டதைக் கட்டாமல் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களிடம் கர்த்தர் எப்படிக் கோபப்படுகிறார் என்று அதில் இருக்கிறது. ஆட்டைக் குற்றம் சொல்லி அந்த அதிகாரத்தில் ஆரம்பிக்கவில்லை.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நின்று பல வருடமாகிறது. இப்போது தமிழ்ப் பாட்டையே பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். கேட்டால் ஆசிரியர் இல்லை என்கிறார்கள். நான் இரண்டு தடவை கேட்டேன், நானே வருகிறேன் என்றேன், கமிட்டியில் பேசிச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் பேசுகிறார்கள். என் அண்ணன் பேரன் வீட்டிலிருக்கும் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. அது எனக்கு ஆறவில்லை.

அப்புறம், ஆக்சிஜன் கொண்டுவந்தது அந்தப் பையன்கள், நீ ஏன் கர்த்தருக்கு நன்றி சொல்கிறாய் என்று கேட்பவர்கள் வருவார்கள். பையன்களுக்கும்தான் நன்றி சொன்னேன், இன்றும் அவர்கள் கடைக்கு வந்தால் எழுந்து நிற்கிறேன். அவர்களை அனுப்பியவர் என்று நான் நம்புகிறவருக்கும் சொல்கிறேன். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

நம்பிக்கை என்றால் நெஞ்சில் எப்போதும் ஒரு நிம்மதி இருக்கவேண்டும் என்று நினைக்கிறீர்களா? எங்கள் நாட்டுக் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி 1813-இல் ரங்கூனில் வந்திறங்கினார். ஆங்கிலேயரோடு பர்மா போரிட்ட காலத்தில், அன்றைய தலைநகர் ஆவாவின் சிறையில் விலங்கோடு கிடந்தார். வெளியே வந்த கொஞ்ச நாளில், 1826 அக்டோபரில் மனைவி ஆன் இறந்தார், சில மாதங்களில் இரண்டு வயதுக் குழந்தையும். ஆன் அம்மையாரை அடக்கம் செய்தது ஆம்ஹெர்ஸ்ட் என்று அன்று பெயர் பெற்ற ஊரில், மோல்மேனுக்குத் தெற்கே கடலோரம். எங்கள் பக்கம்தான். அதன்பின் ஜட்சன் காட்டில் தனியாகக் குடிசை போட்டுக்கொண்டு, தனக்கென்று ஒரு குழியை வெட்டி அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணமுடியவில்லை என்று 1829-இல் கடிதம் எழுதினார். அந்த மனிதர்தான் 1834 ஜனவரியில் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் முடித்தார். இந்த நாட்டில் இன்று யார் 'தோ தெய்ன்' என்று சங்கீதத்தை வாசித்தாலும், குழியோரம் உட்கார்ந்திருந்தவர் தந்த மொழிபெயர்ப்பு அதன் பின்னால் இருக்கிறது. காணமுடியவில்லை என்று எழுதியதற்காக மேய்ப்பர் அவரை மந்தையிலிருந்து தள்ளிவிடவில்லை. உங்களையும் தள்ளமாட்டார்.

எனக்கு அந்தச் சங்கீதம் மறுபடி வாயில் வர ஏழெட்டு மாதம் ஆனது. வந்தபோது முன்பு கவனிக்காத ஒன்றைக் கண்டேன். முதல் மூன்று வசனத்திலும் 'கர்த்தர்', 'அவர்' என்றுதான் தாவீது சொல்கிறான். அவர் மேய்த்து, அவர் என் ஆத்துமாவைத் தேற்றி. புல்லும் தண்ணீரும் இருக்கும்வரை 'அவர்'. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." பள்ளத்தாக்கைச் சுற்றிக் கொண்டுபோவேன் என்று அங்கே வாக்கு இல்லை. நடந்தாலும் என்றுதான் இருக்கிறது. முன்னால் நடந்துகொண்டிருந்தவர் பக்கத்தில் வந்துவிட்டார், பெயர் சொல்லிக் கூப்பிடும் தூரத்துக்கு. பெரியப்பா பிழைக்காத ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திராவிட்டால் இதை வெறும் வார்த்தை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

கேட்டீர்களே, இன்னமும் எப்படி என்று. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது 81. கரண்ட் இல்லாத ராத்திரிகளில் பாயில் உட்கார்ந்து இருட்டில் சத்தமாகச் சங்கீதம் சொல்வார்கள். வாசிக்கத் தெரியாது, எல்லாம் மனப்பாடம். நான்காம் வசனம் வரும்போது 'நான்' என்று சொல்வதில்லை, அந்த இடத்தில் அண்ணன் பெயரைச் சொல்வார்கள். அவன் நடந்தாலும், தேவரீர் அவனோடேகூட இருக்கிறீர். மதினி அடுத்த அறையிலிருந்து ஆமென் சொல்வார்கள். நேற்றும் அப்படித்தான். பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது, தண்ணீர் ஏற்ற மோட்டார் போட நான் எழுந்து போனேன்.